வேலூர் வெயிலில் பெரோவ்ஸ்கைட் படலம்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துக் கல்லூரிகளில் பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தில் வேலை தொடங்கும் எம்.எஸ்சி., எம்.டெக்., பிஎச்.டி. மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். பாதிப்பேர் "எந்தப் பொருளைச் சேர்த்தால் படலம் நன்றாக வரும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என் பதில் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். கரைசல் திடமாக மாறும் அந்தச் சில நொடிகளில் உங்கள் அறையின் சூடும் காற்றும் எப்படி இருந்தன என்பதைத்தான் முதலில் கேட்பேன். அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் விலை உயர்ந்த உப்புகளை வாங்குவது காசுக்குக் கேடு.

பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு பொருளின் பெயரா?

இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். 1839-ல் ரஷ்யாவின் ஊரல் மலைப்பகுதியில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்துக்கு குஸ்தாவ் ரோஸ் இந்தப் பெயரை வைத்தார். லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யரின் நினைவாக வைத்தது. அதே படிக அமைப்பு உள்ள எல்லாவற்றுக்கும் பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சோலார் செல்லுக்கு நாம் எடுப்பது ஈய ஹாலைடு வகை. ஒவ்வொரு ஈய அயனியையும் 6 ஹாலைடு அயனிகள் சூழ்ந்திருக்கும். இடையில் உள்ள பள்ளங்களில் மெத்தில் அம்மோனியம், ஃபார்மமிடினியம், சீசியம் இவற்றில் ஒன்றோ, இவற்றின் கலவையோ உட்கார்ந்திருக்கும்.

படலத்தின் தரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நல்ல பொருள் என்றால் எப்படிப் போட்டாலும் வேலை செய்ய வேண்டாமா?

வரலாற்றைப் பாருங்கள். 2009-ல் ஜப்பானில் மியாசாகா குழு முதன்முதலில் இதைச் சோலார் செல்லில் பயன்படுத்தியபோது வெளிச்சத்தை மின்சாரமாக்கும் திறன் 3.8%. 2012-ல் திடநிலை செல்கள் வந்தன, திறன் 10 சதவீதத்தை ஒட்டி வந்தது. 2014-ல் கொரியாவில் சியோக் குழு, சுழலும் படலத்தின் மேல் டொலுவீன் சொட்டுவிடும் முறையைக் காட்டியது. அப்போது திறன் 16 சதவீதத்தைத் தாண்டியது. இன்று தனிச் செல்லில் சான்றளிக்கப்பட்ட திறன் 26 சதவீதத்துக்கும் மேல், சிலிக்கானோடு அடுக்கிய செல்லில் 34 சதவீதத்துக்கும் மேல். இத்தனை ஆண்டுகளிலும் ஒளியை உறிஞ்சும் பொருளின் குடும்பம் மாறவில்லை. படலம் போடும் விதமும், அதன் மேலும் கீழும் உள்ள அடுக்குகளும்தான் மாறின.

நாம் பேசும் படலத்தின் தடிமன் சுமார் 500 நானோமீட்டர். அதில் ஒரு ஓட்டை இருந்தால் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் அங்கே நேராகத் தொட்டுக்கொள்ளும், மின்சாரம் கசிந்துவிடும். ஓட்டை இல்லாவிட்டாலும், படிகத்தில் அயோடைடு காணாமல் போன இடங்களிலும் ஈயம் பிணைப்பின்றி நிற்கும் இடங்களிலும் எலக்ட்ரான் சிக்கி, வெளியே வராமலே வீணாகிவிடும். முதல் குறை கண்ணுக்கோ நுண்ணோக்கிக்கோ தெரியும். இரண்டாவது தெரியாது, வோல்டேஜில்தான் காட்டிக்கொடுக்கும்.

கரைசலை எப்படித் தயாரிப்பது? அதில் என்ன தவறு நடக்க முடியும்?

நிறைய நடக்கலாம். மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடையே எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1.2 மோல் என்ற செறிவுக்கு, 1 மில்லி கரைப்பானில் லெட் அயோடைடு 553 மில்லிகிராம், மெத்தில் அம்மோனியம் அயோடைடு 191 மில்லிகிராம் போட வேண்டும். கரைப்பான் வழக்கமாக நான்கு பங்கு டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு), ஒரு பங்கு டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு). இந்த மெத்தில் அம்மோனியம் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தராசின் மேல் நீங்கள் எடுத்த 191 மில்லிகிராமில் 2 மில்லிகிராம் தண்ணீர் என்றால், உங்கள் விகிதம் ஒரு சதவீதம் தவறிவிட்டது. படலத்தில் லெட் அயோடைடு அந்த அளவுக்கு மிஞ்சும். கொஞ்சம் மிஞ்சினால் ஓரங்களில் உள்ள குறைகளை அது மூடும் என்பது உண்மைதான். அப்படி மிஞ்சவேண்டும் என்றால் நீங்களே கணக்குப் பார்த்துச் சேர்த்ததாக இருக்கட்டும், பாட்டில் மூடி திறந்திருந்ததால் வந்ததாக இருக்கக் கூடாது.

ஆகவே உப்புப் பாட்டிலை ஈரம் புகாத டெசிகேட்டர் பாத்திரத்தில் வையுங்கள். டெசிகேட்டரை விட்டு எடுத்தவுடன் நிறுத்து, உடனே மூடுங்கள். டிஎம்எஃப், டிஎம்எஸ்ஓ இரண்டும் தண்ணீரை இழுப்பவை, அதனால் பெரிய பாட்டிலைத் தினமும் திறக்காமல் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 60 டிகிரியில் கலக்கித் தெளிந்த மஞ்சள் கரைசல் ஆனதும், டெஃப்லான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். கரைசல் பழசாகப் பழசாக நடத்தை மாறும். அன்றன்றைக்குப் போட்டு அன்றன்றைக்கே பயன்படுத்துவது நல்லது.

கண்ணாடியைக் கழுவுவதைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

கரைசல் எங்கே ஒட்டவில்லையோ அங்கே படலம் இல்லை. சோப்புக் கரைசல், டிஸ்டில்டு வாட்டர், அசிட்டோன், ஐசோபுரோபனால் என்று வரிசையாக அல்ட்ராசோனிக் தொட்டியில் ஒவ்வொன்றிலும் 15 நிமிடம். அப்புறம் யுவி ஓசோன் 15 நிமிடம். நம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், கடைசி அலசலுக்கு அதைத் தொடவே கூடாது. காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விடும், ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஓட்டைக்கு விதை. ஓசோன் முடித்த கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நிற்காமல் பரவி ஓடினால் கண்ணாடி தயார்.

பிடிஏஏ என்ற பாலிமர் போல நீரை விரட்டும் அடுக்கின் மேல் போடுபவர்களுக்கு மட்டும் இந்தச் சிக்கல் மீண்டும் வரும். அங்கே பெரோவ்ஸ்கைட் கரைசலை ஊற்றும் முன் வெறும் டிஎம்எஃப்-ஐ ஒருமுறை சுழற்றிவிட்டால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும்.

சுழலும்போது ஆன்டிசால்வென்ட் ஏன் விடுகிறோம்? எந்த நொடியில் விடவேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுபவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். தண்ணீர் குறையக் குறைய வெல்லம் தன் கரைதிறனைத் தாண்டிச் செறிந்து நிற்கும், ஒரு பதம் வரும், அதைத் தவறவிட்டால் பாகு கெட்டித்துக் கட்டி தட்டிவிடும். கண்ணாடியை வேகமாகச் சுழற்றிப் படலம் போடும் ஸ்பின் கோட்டரிலும் அதுவே நடக்கிறது. சுழற்சியில் முதலில் அதிகப்படிக் கரைசல் வெளியே வீசப்படும். மிஞ்சிய மெல்லிய ஈரப்படலத்திலிருந்து டிஎம்எஃப் ஆவியாகும், செறிவு ஏறும். கரைதிறனைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறியதும் படிகக் கருக்கள் தோன்றத் தொடங்கும். தானாக விட்டால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கருக்கள் மட்டும் தோன்றி, சுற்றியுள்ள பொருளையெல்லாம் இழுத்துக்கொண்டு ஊசி ஊசியாக வளரும். ஊசிகளுக்கு நடுவே வெறும் கண்ணாடி தெரியும். அந்த நேரத்துக்குச் சற்று முன்னால், பெரோவ்ஸ்கைட்டைக் கரைக்காத ஆனால் டிஎம்எஃப்-ஓடு கலக்கும் குளோரோபென்சீன் போன்ற ஒன்றை (இதுதான் ஆன்டிசால்வென்ட்) ஊற்றினால், செறிவு ஒரே நொடியில் எங்கும் எகிறி, கோடிக்கணக்கான கருக்கள் ஒரே சமயத்தில் பிறக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் வளர முடியும். இடைவெளி இல்லாத, சமமான படலம் கிடைக்கும். டிஎம்எஸ்ஓ இதில் இன்னொரு உதவி செய்கிறது: லெட் அயோடைடோடு சேர்ந்து ஒரு இடைநிலைக் கூட்டுப்பொருளாக நின்று, படிகமாகும் அவசரத்தைத் தடுத்துவைக்கிறது.

எந்த நொடி என்பதற்குக் கட்டுரைகளில் எண் இருக்கும். சீசியம், ஃபார்மமிடினியம், மெத்தில் அம்மோனியம் மூன்றும் சேர்ந்த மூன்று நேரயனிக் கலவைக்குப் பரவலாகப் பயன்படும் செய்முறை இது: நிமிடத்துக்கு 1000 சுற்றில் 10 நொடி, 6000 சுற்றில் 20 நொடி, முடிய 5 நொடி இருக்கும்போது குளோரோபென்சீன், பிறகு 100 டிகிரியில் ஒரு மணி நேரம். அந்த எண் அந்த ஆய்வகத்தின் எண். உங்கள் அறைக்கான எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். வழி எளிது. ஒரு கண்ணாடியைப் பலி கொடுங்கள். ஆன்டிசால்வென்ட் விடாமல் முழுநேரமும் சுழல விட்டு, மூடி வழியே பாருங்கள். ஈரப்படலம் மெலிய மெலிய நிறப்பட்டைகள் ஓடும், பிறகு ஓட்டம் மெதுவாகி, ஒரே மாதிரி வெளிர்மஞ்சளாக நிற்கும், அப்புறம் ஓரத்திலிருந்தோ நடுவிலிருந்தோ பால் கலந்தாற்போல் மங்கத் தொடங்கும். மங்கிய நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குச் சில நொடிகள் முன்னால்தான் உங்கள் நேரம். அதை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நொடி தள்ளிப் போட்டுப் பார்த்தால், சரியான நேரத்தின் வாசல் எங்கே திறந்து எங்கே மூடுகிறது என்று தெரிந்துவிடும்.

விடும் வேகமும் முக்கியம். ஐசோபுரோபனால் போன்ற ஆல்கஹால்களை ஒரே அழுத்தில் வேகமாக விடவேண்டும். மெசிட்டிலீன் போன்றவற்றை நிதானமாக விட்டால்தான் படலம் நன்றாக வரும். குளோரோபென்சீன் இரண்டுக்கும் ஒத்துப்போகும். புதியவர்கள் அதில் தொடங்குவது நல்லது. பிப்பெட் முனை கண்ணாடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலே, நடுவில், ஆடாமல் இருக்கட்டும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் கண்ணாடி முடிந்ததும் ஸ்பின் கோட்டர் கிண்ணத்துக்குள் கரைப்பான் ஆவி தேங்கி நிற்கும். அடுத்த கண்ணாடி அந்த ஆவிக்குள் மெதுவாகக் காயும். முதல் படலமும் ஐந்தாம் படலமும் ஏன் வேறுபடுகின்றன என்று குழம்புவதற்கு முன், இடையிடையே உலர்ந்த நைட்ரஜனையோ காற்றையோ ஊதிக் கிண்ணத்திலுள்ள ஆவியை வெளியேற்றுங்கள்.

கட்டுரையில் சொன்னபடியே ஈரப்பதம் 30 சதவீதத்தில்தான் வைத்திருந்தேன், சார். ஆனாலும் மே மாதத்தில் படலம் கெட்டுப்போகிறது. ஏன்?

ஏனென்றால் உங்கள் 30 சதவீதமும் அவர்களுடைய 30 சதவீதமும் ஒன்றல்ல. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 சதவீதம் என்றால் 5 கிராம். 35 டிகிரியில் அதே காற்று சுமார் 40 கிராம் தாங்கும், 30 சதவீதம் என்றால் 12 கிராம். மீட்டரில் ஒரே எண், ஆனால் காற்றில் இரு மடங்குக்கும் மேல் தண்ணீர். பனிநிலையை, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, பார்த்தாலும் அப்படித்தான்: அங்கே சுமார் 2 டிகிரி, இங்கே 15 டிகிரி. கரைப்பான் ஆவியாகும்போது படலத்தின் மேற்பரப்பு குளிரும். அந்த ஈரமான, குளிர்ந்த பரப்பில் எந்தக் காற்று அதிகத் தண்ணீரைக் கொண்டுவந்து மோதும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு சூடு தனியாக ஒரு வேலை செய்கிறது. 22 டிகிரி அறையோடு ஒப்பிட்டால் 35 டிகிரி அறையில் டிஎம்எஃப்-இன் ஆவியழுத்தம் இரு மடங்கு ஆகிவிடும். படலம் சீக்கிரம் காயும், வாசல் முன்கூட்டியே திறந்து முன்கூட்டியே மூடும். அக்னி நட்சத்திர நாளில் கட்டுரையின் நொடிக்கணக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் நீங்கள் ஊற்றுவதற்கு முன்பே கருக்கள் தோன்றியிருக்கும்.

ஏ.சி. போட்டால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. வெளியே 40 டிகிரி, 30 சதவீதம் ஈரம் என்று வையுங்கள். அதில் கனமீட்டருக்கு 15 கிராம் தண்ணீர் இருக்கிறது. அந்தக் காற்று கதவு வழியே வந்து 24 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஏ.சி. அந்த ஈரத்தை வடித்தெடுக்கும் வரை அதன் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கும் மேலே நிற்கும். யாராவது கதவைத் திறந்து மூடியதும் படலம் போடாதீர்கள். மழைக்காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், ஏ.சி. மட்டும் போதாது. ஈரம் நீக்கும் டீஹியூமிடிஃபையர் வேண்டும், அல்லது உலர்ந்த பெட்டி வேண்டும்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு படலத்துக்கும் பக்கத்தில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்தே எழுதுங்கள். சதவீதத்தை மட்டும் எழுதினால் பிறகு பார்க்கும்போது ஒன்றும் புரியாது. அறையின் மூலையில் உள்ள மீட்டரையும் நம்பவேண்டாம், ஸ்பின் கோட்டரின் பக்கத்தில் ஒன்றை வையுங்கள்.

எங்கள் கல்லூரியில் கிளவ் பாக்ஸ் கிடையாது. இந்த ஆராய்ச்சியை விட்டுவிட வேண்டியதுதானா?

விடவேண்டாம். கிளவ் பாக்ஸ், அதாவது பொருத்திய கையுறைக்குள் கைவிட்டு வேலை செய்யும், ஈரமும் ஆக்சிஜனும் ஒரு பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு) கீழே உள்ள மூடிய பெட்டி, ஒரு வசதி, ஆனால் அது இல்லாமலும் நல்ல படலங்கள் வந்திருக்கின்றன. ஸ்பின் கோட்டர் நுழையும் அளவுக்கு ஓர் அக்ரிலிக் பெட்டி, கை நுழைய இரண்டு துளை, உள்ளே சிலிக்கா ஜெல், தொடர்ந்து மெதுவாக நைட்ரஜன் ஓட்டம். இந்த ஏற்பாட்டிலேயே 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரலாம். முக்கியம் எண் தாழ்வாக இருப்பதைவிட தினமும் ஒரே எண்ணாக இருப்பது. நேற்று 18, இன்று 35, நாளை 25 என்றால் எந்த முடிவையும் ஒப்பிட முடியாது.

இரண்டு படியாகப் போடும் முறையையும் பாருங்கள்: முதலில் லெட் அயோடைடு படலம், அதன் மேல் ஐசோபுரோபனாலில் கரைத்த கரிம உப்பு. 2013-ல் சுவிட்சர்லாந்தில் கிரேட்ஸல் குழு இந்த வழியில் 15% காட்டியது. நொடிக்கணக்கின் நெருக்கடி இதில் குறைவு. அடியில் மாறாத லெட் அயோடைடு தங்கிவிடுவதுதான் இதன் தொல்லை.

ஹாட் பிளேட்டில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

மெத்தில் அம்மோனியம் வகைக்கு 100 டிகிரியில் 10 நிமிடம். ஃபார்மமிடினியம் வகைக்கு 150 டிகிரி வேண்டும், ஏனென்றால் அதன் கருப்பு வடிவம் அந்தச் சூட்டில்தான் உருவாகும். அறை வெப்பநிலையில் அதற்கு மஞ்சள் வடிவமே நிலையானது, அது ஒளிக்குப் பயன்படாது. சீசியமும் மெத்தில் அம்மோனியமும் சிறிது சேர்ப்பது கருப்பு வடிவத்தை நிலைநிறுத்தத்தான்.

ஹாட் பிளேட்டின் திரையில் தெரியும் எண் கண்ணாடியின் மேற்பரப்பின் எண் அல்ல. தட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும், ஏ.சி. காற்று மேலே படுகிறது என்றால் இன்னும் அதிகம். வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி ஒன்றை வெறும் கண்ணாடியின் மேல் ஒட்டி ஒருமுறை அளந்துவிடுங்கள்.

படலத்தைப் பார்த்தே என்ன தவறு என்று சொல்ல முடியுமா?

பெருமளவு முடியும். நல்ல படலம் ஹாட் பிளேட்டில் வெளிர்பழுப்பிலிருந்து அடர்பழுப்பாகி, கண்ணாடி போலப் பளபளக்கும் கருப்பாக நிற்கும். உங்கள் முகம் அதில் தெரியவேண்டும். சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக இருந்தால் மேற்பரப்பு கரடுமுரடு: ஆன்டிசால்வென்ட் தாமதம், அல்லது ஈரம். நடுவில் மட்டும் வெள்ளை வட்டம் என்றால் பிப்பெட்டை மிக அருகில் வைத்து ஒரே இடத்தில் பீய்ச்சியிருக்கிறீர்கள். ஒரு புள்ளியிலிருந்து விளிம்பை நோக்கிக் கோடு ஓடினால் தூசி, அல்லது வடிகட்டாத கரைசல். கைவிளக்கைப் பின்னால் பிடித்தால் ஊசி முனை வெளிச்சங்கள் தெரிகின்றனவா? ஓட்டைகள்.

மஞ்சள் நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் கருத்து, சூட்டில் மஞ்சளாக மாறியது என்றால் கரிம உப்பு ஆவியாகி லெட் அயோடைடு மிஞ்சியிருக்கிறது: சூடு அதிகம் அல்லது நேரம் அதிகம். கருக்கவே இல்லை என்றால், ஃபார்மமிடினியத்தின் மஞ்சள் வடிவம் மாறாமல் நிற்கிறது: சூடு போதவில்லை. இரண்டுக்கும் மருந்து எதிரெதிர். நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைக் காட்டும் அளவீடு) எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்ஆர்டியில் எதைப் பார்க்கவேண்டும்? வேறென்ன அளவீடு கட்டாயம்?

தாமிர எக்ஸ்-கதிருக்கு 14.1 டிகிரியில் வரும் உச்சி மெத்தில் அம்மோனியம் பெரோவ்ஸ்கைட்டின் முதன்மை உச்சி. 12.7-ல் வந்தால் லெட் அயோடைடு. 11.8-ல் வந்தால் ஃபார்மமிடினியத்தின் மஞ்சள் வடிவம். மூன்று எண்ணையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தைவிட ஒளிர்வு அளவீட்டுக்கு, அதாவது போட்டோலூமினசென்ஸுக்கு, முன்னுரிமை கொடுப்பேன். மெத்தில் அம்மோனியம் வகை சுமார் 770 நானோமீட்டரில் ஒளிரும். குறைகள் குறைந்தால் ஒளிர்வு கூடும், ஒளிர்வின் ஆயுளும் நீளும். ஆனால் வெறும் கண்ணாடியில் போட்ட படலத்தையும் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் போட்ட படலத்தையும் ஒப்பிடாதீர்கள். கீழ் அடுக்கு எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதாலும் ஒளிர்வு குறையும், அது குறையல்ல.

கருவி இல்லாதவர்கள் சென்னைக்கு, ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் என்ற பொது அளவீட்டுக் கருவி மையம் போன்ற இடங்களுக்கு, மாதிரியை அனுப்புகிறார்கள். பேருந்துப் பயணத்தில் படலம் ஈரம் குடித்துவிட்டால் அளவீடு உங்கள் படலத்தைப் பற்றியதாக இருக்காது. நைட்ரஜன் நிரப்பி ஒட்டிய பை, அதற்குள் சிலிக்கா ஜெல், வெளியே வெளிச்சம் புகாத டப்பா. கையில் எடுத்துச் செல்லுங்கள்.

படிகத் துகள் பெரிதாக இருந்தால் படலம் நல்லது என்கிறார்களே?

முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய துகள் என்றால் எல்லைகள் குறைவு, எல்லைகளில் குறைகள் அதிகம், ஆகவே பெரிது நல்லது என்பது வாதம். ஆனால் எஸ்இஎம் காட்டுவது மேற்பரப்பின் தோற்றத்தை மட்டும். ஒளிர்வைத் துகள் துகளாக அளந்த ஆய்வுகள், பக்கத்துப் பக்கத்துத் துகள்களே வெவ்வேறு அளவில் ஒளிர்வதைக் காட்டின. துகள் மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக, படலத்தின் தடிமன் அளவுக்கு இருந்தால் எனக்குப் போதும். அதற்கு மேல் பெரிதாக்க முயன்று இடைவெளி விழுந்த படலங்கள்தான் அதிகம்.

சரி, கடைசியாகச் சேர்க்கைப் பொருளுக்கு வருவோம். எது நல்லது?

அடிப்படை ஒழுங்கானபின் இவை உண்மையிலேயே பலன் தரும். மெத்தில் அம்மோனியம் குளோரைடு, ஃபார்மமிடினியம் படலத்தில் படிகமாதலை நிதானப்படுத்திக் கருப்பு வடிவத்துக்கு உதவும். குளோரைடின் பெரும்பகுதி அனீலிங்கில், அதாவது ஹாட் பிளேட்டில் சூடாக்கும்போது, ஆவியாகிப் போய்விடும். தயோசயனேட் துகளைப் பெரிதாக்கும், ஆனால் லெட் தயோசயனேட்டாகப் போட்டால் லெட் அயோடைடு மிஞ்சும். தயோஃபீன், பிரிடின் போன்ற எலக்ட்ரான் கொடுக்கும் மூலக்கூறுகள் பிணைப்பின்றி நிற்கும் ஈயத்தோடு சேர்ந்து குறையை மூடும்.

எல்லாவற்றிலும் நான் முதலில் பரிந்துரைப்பது ஃபினெத்தில் அம்மோனியம் அயோடைடு. ஐசோபுரோபனாலில் மில்லிக்குச் சில மில்லிகிராம் கரைத்து, முடிந்த படலத்தின் மேல் ஒருமுறை சுழற்றினால் போதும். உள்ளிருக்கும் படிகமாதலை அது தொடுவதில்லை, அதனால் பலன் வந்தால் எதனால் வந்தது என்பது தெளிவாகத் தெரியும். முதலில் வோல்டேஜில் பாருங்கள்.

புரோமைடு சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அளவு அதிகமானால் வெளிச்சம் பட்டதும் அயோடைடும் புரோமைடும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரியும். இருட்டில் எடுத்த எக்ஸ்ஆர்டியில் இது தெரியாது.

ஒரு செல் 18% கொடுத்தது. அறிக்கையில் அதை எழுதலாமா?

எழுதலாம், அதே தொகுப்பில் போட்ட மற்ற எல்லாச் செல்களையும் பக்கத்தில் போட்டு. வோல்டேஜை ஏற்றியும் இறக்கியும் அளக்கும் முன்னோட்ட, பின்னோட்ட ஸ்கேன் இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் அதையும் காட்டவேண்டும். உச்ச மின்திறனில் சில நிமிடங்கள் நிறுத்திவைத்து எடுத்த அளவையும் சேருங்கள். செல்லுக்குச் செல் திறனில் உள்ள பரவல் குறுகுவதுதான் படலம் மேம்பட்டதற்கு நான் நம்பும் அடையாளம்.

ஈயம் ஆபத்து என்கிறார்கள். இவ்வளவு மெல்லிய படலத்தில் அது பெரிய விஷயமா?

அளவு குறைவுதான். அரை மைக்ரான் படலம் ஒரு சதுர மீட்டருக்கு இருந்தால் அதில் ஈயம் ஒரு கிராமுக்கும் குறைவு. ஆனால் இந்தச் சேர்மம் தண்ணீர் பட்டால் சிதையும், அதிலுள்ள ஈயத்தில் ஒரு பகுதி கரைந்து வெளியேறும். ஆய்வகத்தில் கைக்கு வருவதோ படலம் அல்ல, டிஎம்எஃப்-இலும் டிஎம்எஸ்ஓ-விலும் கரைந்த ஈயம். டிஎம்எஸ்ஓ தோல் வழியே உள்ளே போகும்போது தன்னில் கரைந்ததையும் கூட்டிச் செல்லும். டிஎம்எஃப் கருவுறுதலையும் கருவையும் பாதிக்கும் பொருள், மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். சிந்தினால் உடனே கையுறையை மாற்றுங்கள். நேரடியாகக் கையாளும் வேலைக்குப் பியூட்டைல் கையுறை.

கழிவை ஒரு சொட்டுகூடத் தொட்டியில் ஊற்றக் கூடாது. இதை நம் மாவட்டத்தில் யாரும் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் வந்த கேட்டை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மாசுபடுத்தியவரே விலை கொடுக்கவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. குரோமியத்தால் பட்ட பாடு போதும், ஈயத்தை நாம் சேர்க்கவேண்டாம். கரைசல், துடைத்த தாள், பிப்பெட் முனை, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் பெயர் ஒட்டிய மூடிய கலனில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். கல்லூரியில் அந்த ஏற்பாடு இல்லையென்றால், வேலை தொடங்கும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஈயத்துக்குப் பதில் தகரம் (வெள்ளீயம்) போடலாமே என்று கேட்பார்கள். தகரம் காற்றில் மிக எளிதாக ஆக்சிஜனேற்றம் அடையும். கிளவ் பாக்ஸ் இல்லாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இந்தப் படலம் வேலூர் மொட்டைமாடியில் தாங்குமா?

மெத்தில் அம்மோனியம் மட்டும் உள்ள படலம் தாங்காது. கோடையில் மாடியில் உள்ள பேனல் 60 டிகிரியைத் தாண்டும், அந்த உப்பு மெல்ல மெல்ல வெளியேறும். சீசியமும் ஃபார்மமிடினியமும் கலந்த படலம், அதன் மேல் ஈரம் புகாத நல்ல மூடல், இரண்டும் சேர்ந்தால்தான் பேச முடியும். வணிகப் பேனல்களுக்கான சோதனையில் 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் நிற்கவேண்டும். உங்கள் படலத்தை மூடாமல் 85 டிகிரி ஹாட் பிளேட்டில் இருட்டில் வைத்துத் தினமும் ஒரு புகைப்படமும் ஒரு உறிஞ்சல் அளவீடும் எடுத்தாலே எந்தக் கலவை முதலில் மஞ்சளாகிறது என்று தெரிந்துவிடும்.

ஸ்பின் கோட்டர் முறையிலேயே பெரிய பேனல் செய்ய முடியுமா?

முடியாது. ஊற்றிய கரைசலில் பெரும்பகுதி வெளியே வீசப்படுகிறது, பரப்பு பெரிதானால் நடுவும் ஓரமும் வேறுபடும். பெரிய பரப்புக்கு, தகட்டால் கரைசலை இழுத்துப் பரப்பும் பிளேடு கோட்டிங், நீளமான பிளவு வழியே கரைசலை விடும் ஸ்லாட் டை. அங்கே ஆன்டிசால்வென்ட் ஊற்ற வழியில்லை. காற்றுக் கத்தியால் உலர்ந்த வாயுவை ஊதியோ, வெற்றிடத்தில் இழுத்தோ கரைப்பானை அகற்றுவார்கள். ஸ்பின் கோட்டரிலேயே இதைப் பழகலாம்: குளோரோபென்சீனுக்குப் பதில் அதே நொடியில் நைட்ரஜனை நேராக ஊதிப் பாருங்கள். கரைப்பான் செலவும் மிச்சம், மூச்சில் போகும் குளோரோபென்சீனும் மிச்சம்.